அரை மணி நேரம் மண்

கோச்கார் மண்வெட்டியை ஓங்கி ஒரு கொத்து கொத்தியதுதான் தாமதம், மதில் மேல் பக்கத்து வீட்டு ஹோஷிமின் தலை முளைத்தது.

"அண்ணே! நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

"உன்னை யாருடா கூப்பிட்டா?"

"கூப்பிட்டாத்தான் வரணும்னா அது என் டாக்ஸி. நான் கூப்பிடாமலே வருவேன்." ஹோஷிம் மதிலைத் தாண்டிக் குதித்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

கோச்காருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய உடம்பு. ரத்த அழுத்தம் நூற்று அறுபதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. டாக்டரம்மா முகர்ரம் சீட்டில் ஒரு மாத்திரையை எழுதிவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'தினமும் அரை மணி நேரம் மண்ணில் வேலை.'

"மருந்து தீர்ந்துபோச்சு போல. மண்ணை எழுதிக் குடுத்துட்டா" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார் கோச்கார். படித்தவர்கள் எழுதிக் கொடுப்பதை அவர் நம்புவதில்லை. நம்பினவன் எவன் நன்றாக இருந்தான்?

ஆனால் தாஷ்கண்டிலிருந்த மகள் ஓய்தின் நம்பினாள். போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசம் பார்ப்பேன்பா. நூத்தி நாப்பதுக்குக் கீழ வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்."

ஓய்தினின் வீடு ஒன்பதாவது மாடி. பால்கனியில் ஒரே ஒரு தொட்டி. அதிலும் பிளாஸ்டிக் ரோஜா. அங்கே போவதை நினைத்தாலே கோச்காருக்கு அழுத்தம் பத்து ஏறியது. அதனால்தான் மண்வெட்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் வாசலில் பத்துப் பேர் தோளில் மண்வெட்டியோடு நின்றார்கள். ஹோஷிம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். முன்னால் தெருத் தலைவர் ஸோகிர்.

"கோச்கார், ஹஷார்!" என்றார்.

அப்படிச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு வீட்டு வேலைக்குத் தெருவே கூடி வந்த பிறகு திருப்பி அனுப்பின வீடு அவர்கள் ஊர் நமங்கானில் கிடையாது. வந்தவர்களுக்கு வயிறு நிறையப் போடாத வீடும் கிடையாது. கோச்கார் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பை மூட்டினார். அண்டாவில் ஆட்டுவால் கொழுப்பு உருகியது. கேரட்டும் அரிசியும் இறங்கின.

ரொட்டிக்கடை மதமின் அண்டாவை எட்டிப் பார்த்தான். "அண்ணே, கொழுப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடலாமே?"

"என் வீட்டுப் புலாவுக்கே குறை சொல்றியா?"

மதமின் சட்டென்று தட்டின் முன்னால் உட்கார்ந்தான். பயத்தில் ரெண்டு கை அதிகமாகவே தின்றான். விருந்தாளி தின்னும்போது வீட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? சோறு ஊசிப்போச்சோ என்று நினைப்பார்கள். கோச்காரும் தின்றார்.

ஒரு வாரம் இதே கூத்து. அழுத்தம் நூற்று எழுபத்தைந்து.

ஒன்று மட்டும் கோச்காருக்குப் புரியவில்லை. வந்தவன் எவனும் அரை மணிக்கு மேல் ஒரு கொத்து கூடக் கொத்தவில்லை. ஹோஷிம் தொப்பிக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுப்பான், கடிகாரத்தைப் பார்ப்பான், மண்வெட்டியைக் கீழே போடுவான்.

'சோம்பேறிப் பயலுக' என்று நினைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தானே மிளகாய் நாற்று நட உட்கார்ந்தார். கதவைத் தட்டினார்கள். மூச்சு விடவில்லை.

"அண்ணே! அண்ணே! ஐயோ, அண்ணன் விழுந்துட்டாருடா!"

நாலு பேர் மதில் ஏறினார்கள். மற்றவர்கள் கதவைக் கீலோடு பெயர்த்தார்கள். கையில் நாற்றோடு நின்ற கோச்காரைக் கட்டிப்பிடித்து மதமின் ஓவென்று அழுதான். அதற்குள் யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வந்து கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் நூற்று எண்பது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் புலாவ் போட வேண்டியதாயிற்று.

கடைசியாக ஒரு பொய் சொல்லிப் பார்த்தார்.

"டாக்டரம்மா மண்ணையே தொடக் கூடாதுன்னுட்டா. தோட்டமே வேண்டாம்னு விட்டுட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா."

ஸோகிர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீ தொடாதேப்பா! நாங்க எதுக்கு இருக்கோம்? தினமும் முறை வெச்சு வர்றோம். நோயாளி வீட்டுல அடுப்பும் மூட்ட வேண்டாம். டீயும் ரொட்டியும் நாங்களே கொண்டு வந்துடறோம்."

கோச்கார் யோசித்தார். சும்மா வேலை செய்ய இவனுங்களுக்கு என்ன வந்தது? ஒவ்வொருத்தனும் முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தியிருக்கிறான். ரெண்டாவது காருக்கு என் முற்றத்தின் மேல் கண்ணா? இல்லை, கிழவன் இன்னும் எத்தனை நாளோ என்கிற பரிதாபமா? ரெண்டில் எது என்றாலும் நெஞ்சு எரிந்தது.

முற்றத்து மரக்கட்டிலில் உட்கார வைத்து அவர் கையில் டீக்கிண்ணத்தைக் கொடுத்தார்கள். கண்ணெதிரே கொடுமை நடந்தது. ஹோஷிம் துளசி மாதிரி வாசனையாக வளர்ந்திருந்த ரைஹான் நாற்றையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு அருகம்புல்லுக்குத் தண்ணீர் விட்டான். மதமின் தக்காளி நாற்றை, அடுப்புச் சுவரில் ரொட்டி அறைவது போல மண்ணில் அறைந்தான்.

"ஏண்டா, அது செடிடா! வேகாது!"

"எல்லாம் பழகிடும்ணே."

அவர்கள் போனதும் கோச்கார் கதவைச் சாத்திக்கொண்டு குந்தினார். அறைந்ததைப் பிடுங்கி ஒழுங்காக நட்டார். எறிந்த ரைஹானைத் தேடிப் பொறுக்கி, வேருக்கு ஈரம் காட்டி மறுபடி ஊன்றினார். புல்லைக் களைந்தார். அவர்கள் செய்கிற அரை மணி வேலையைச் சரிசெய்ய ரெண்டு மணி ஆயிற்று. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே செய்வார். இருட்டியதும் படுத்தால் கட்டை மாதிரித் தூக்கம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எந்த நாற்று தலை நிமிர்ந்திருக்கிறது என்று எண்ணுவார்.

ஒரு மாசம் முடிந்தது. ஓய்தின் காலிப் பெட்டியோடு வந்து இறங்கி, அப்பாவை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"நூத்தி முப்பது."

"இன்னொரு தடவை பாரும்மா" என்றாள் ஓய்தின்.

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்க்கா."

ஓய்தின் காலிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா! அப்ப நீங்க இங்கயே இருங்க!"

கோச்கார் சிரிக்கவில்லை. மனசுக்குள் ஒரு முள். நர்ஸைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"டாக்டரம்மாகிட்ட சொல்லாதே. சீட்டுல எழுதினதை நான் ஒழுங்கா செய்யலை. அங்கங்க கோணலைச் சரி பண்ணினேன், அவ்வளவுதான். கொத்தினதெல்லாம் தெருக்காரனுங்க. சாகப்போற கிழவன்னு பரிதாபப்பட்டு ஒரு மாசமா வந்து கொத்தினானுங்க."

நர்ஸ் பட்டையைச் சுருட்டிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பரிதாபமா? உங்க தெருவுல பதினோரு பேருக்கு டாக்டரம்மா இதே சீட்டுதான் எழுதியிருக்காங்க. மத்த பத்து பேரும் வீட்டு முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டுட்டு, மண்ணுக்கு வேற எங்க போவாங்க, பெரியவரே?"