காவலாளி டேப்லெட்டை முற்றுகையிட்ட படலம்

வாழி! லாரிகளைக் கைவீச்சில் நிறுத்திய கதவுக்கோமானே, முதலாளியின் மாப்பிள்ளையையே சீட்டு இல்லை என்று கொளுத்தும் வெயிலில் நிற்கவைத்த கேட்டுச் சிங்கமே, வேலை ஓய்ந்தும் சந்தேகம் ஓயாத சூரனே, உமது சமரைச் சொல்லப் புகுந்தோம்! மூக்கில் வழுக்கும் கண்ணாடித் தாயே, இந்தக் கிழவனின் காதைவிட்டுக் கழலாமல் நின்று காப்பாயாக!

போருக்கு மூலம் இது. காவலாளியின் மகள் எழுதிய கதை பத்திரிகையில் வந்து, பிடிஎஃப் வடிவில் வீட்டு டேப்லெட்டுக்குள் இறங்கியிருந்தது. மனைவி காலையிலேயே படித்து முடித்து, வெங்காயம் உரித்தபடி, "உங்களப் பத்தியும் ஒரு எடத்துல வருது" என்றாள். என்ன வருகிறது என்று சொல்லவில்லை. சிரிப்பொன்றை மட்டும் சிந்தினாள். மதியச் சாப்பாட்டுக்கு மகள் வருகிறாள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியாமல் அவள் எதிரே உட்காருவது, கவசமின்றிக் களம் புகுவதன்றி வேறென்ன? படித்துக் காட்டுகிறேன் என்ற மனைவியையும் நம்பவில்லை சூரர்.

"நீ பாதிய முழுங்கிடுவ" என்று முழங்கிவிட்டு, சாய்வு நாற்காலியாகிய தேரில் ஏறினார்.

எதிரே எறும்புச் சேனையென அணிவகுத்து நின்றன பொடியெழுத்துகள். இரு விரலால் இழுத்துப் பெருக்கினார். புறங்காட்டி ஓடும் படைபோல் வரியின் வால் திரைக்கு வெளியே பாய்ந்தது. வாலைப் பிடித்தார், தலை தப்பியது. வரிக்கடியில் விரலை ஓட்டிப் படிப்பதே படிப்பை நிறுத்துமுன் பள்ளிக்கூடம் அவருக்குத் தந்த ஒற்றை ஆயுதம். இங்கோ விரல் நகர, பக்கமும் நகர, கதையின் நடுவிலிருந்து உரத்தின் விளம்பரத்துக்குத் தூக்கியெறியப்பட்டார்.

பிடிஎஃப்பை மாற்றித் தரும் ஆப் ஒன்று இருக்கிறது, அதில் போட்டால் எழுத்தைப் பெரிதாக்கலாம், வரியும் மடங்கி உள்ளேயே நிற்கும் என்று சமையலறையிலிருந்து தூது வந்தது. திறந்தார். திறந்ததும் அது கேட்டதே ஒரு கேள்வி! உங்கள் கோப்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?

கேட்டுச் சிங்கத்தின் மீசை சிலிர்த்தது. முன்பின் தெரியாதவன், அடையாள அட்டை இல்லாதவன், உள்ளே என்ன இருக்கிறது பார்க்கட்டுமா என்கிறான்! "யார்ரா நீ? எந்தக் கம்பெனி? யாரப் பாக்கணும்?" என்று இடியென இடித்து, 'மறு' என்ற பொத்தானை வேலெனக் குத்தினார். ஆப் வாடி நின்றது. மறுபடி திறந்தார், மறுபடி கேட்டது, மறுபடி குத்தினார். அலை மோத, பாறை அசையாதிருக்க, இடையில் அகப்பட்ட பிடிஎஃப் பிடிஎஃப்பாகவே கிடந்தது. இந்த ஆப் ஒன்றுக்கும் உதவாதது என்று பிரகடனமும் செய்தார்.

மனைவி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பொட்டிய ரிப்பேர் பண்ண வந்தவன வாசல்லயே நிறுத்தி வச்சா எப்படிப் பண்ணுவான்? அனுமதின்னு குடுங்க. பஸ்ஸ விட்டு எறங்கிட்டாளாம்."

அந்தோ! முதலாளியின் மாப்பிள்ளைக்கும் வளையாத கை வளைந்தது. கண்ணை இறுக மூடி, குலமானம் துறந்து, 'அனுமதி'யைத் தொட்டார். வட்டம் ஒன்று சுழன்றது. கண் திறந்தால், களிறுகள் போல் கொழுத்த எழுத்துகள் திரையெங்கும் பிளிறி நின்றன!

கதைக்குள் பாய்ந்தார் சூரர். கிணறு வற்றிய கோடையில் அம்மா குடத்தோடு நடந்தாள், தாண்டினார். கூரை பறந்த மழையில் அம்மா பிள்ளைகளைத் தன் புடவைக்குள் சுற்றிக்கொண்டாள், தாண்டினார். காய்ச்சலில் துவண்ட சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே, பக்கத்தின் அடியில், தேடிய 'அப்பா' என்னும் தம் பட்டத்தைக் கண்டு, நெஞ்சு முரசறைய, விரலை எடுத்துவிட்டு, வாய்விட்டுப் படித்தார்.

அன்றைக்கு அப்பா டூட்டியில் இருந்தார்.