உலகத்துக்கு மட்டம் பிடித்த மேஸ்திரி

வங்காள விரிகுடாவிலிருந்து வடதுருவம் வரை உள்ள கடல்களுக்கெல்லாம் இன்று ஒரே கணக்கில் உயரம் சொல்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த ஒரு கொத்தனார்தான். இதைக் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் மறுக்க மாட்டேன். ஆனால் கிழமையை மாற்றி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. எல்லாம் என் டைரியில் இருக்கிறது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. முதலில் மேஸ்திரி, பிறகு கடல்மட்ட மேஸ்திரி. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் உறையின் மேலேயே அப்படி எழுதினார்கள்.

எந்த வேலையிலும் முதல் நாள் அவர் செங்கல்லைத் தொட மாட்டார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மனை முழுக்கச் சுற்றிக் கொண்டுபோய், எல்லா மூலைகளிலும் ஒரே மட்டத்தில் கோடு கிழிப்பார். அன்றைய வேலை அவ்வளவுதான். என் வீட்டு மதில் சுவரை உயர்த்த வந்தபோது இப்படி ஒரு நாள் முழுதும் கோடு கிழித்துவிட்டுப் போனார். மதில் நாலே அடிதான். இந்த வியாதி வேலையோடு நிற்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் நாற்காலி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, அதன் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

மகளைக் கடலூருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். வாடகை வீட்டில் இருந்த மகளும் மருமகனும் ஒரு மனை வாங்கினார்கள். வீட்டைக் கட்டப்போவது யார் என்ற கேள்விக்கே இடமில்லை. கேள்வி ஒன்றுதான்: வீட்டுத் தரையைத் தூக்கி நிறுத்தும் பேஸ்மட்டம் எவ்வளவு உயரம்? கடல் ஏறிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். குறைத்துக் கட்டினால் ஒருநாள் மகள் வீட்டுக்குள் கடல் வரும். அளவில்லாமல் கூட்டினால் மண் அடித்தே ஓட்டாண்டியாகி, சுவர் எழும்பாது. எனவே கடல் எவ்வளவு ஏறும் என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் வந்தார். நான் அரசு அலுவலகத்தில் ஆவணங்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன், கண்டதையும் படிக்கிறவன். அவர் வந்தது செவ்வாய்க்கிழமை. அவர் புதன் என்பார். தவறு.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள் கடலை நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துக் கடலின் உயரத்தைக் கணக்கிடுகின்றன. பல நாடுகள் இதைச் செய்கின்றன. ஐந்து இடங்களில் பார்த்தேன். ஐந்து விதமான எண்கள். அதில் ஒன்றின்படி நம் கடலூர்க் கடல் நாலு பனை உயரத்துக்குக் கீழே கிடந்தது.

"அப்ப எம்பொண்ணு கால் நனைக்கணும்னா ஏணி வெச்சு எறங்கணுமா சார்?" என்றார் மேஸ்திரி.

அப்படியில்லை, ஒவ்வொருவரும் தாங்களே கற்பனை செய்துகொண்ட ஒரு பூஜ்யத்திலிருந்து அளக்கிறார்கள், அதனால் வரும் வித்தியாசம் என்று படித்ததைச் சொன்னேன். டீ ஆறும் வரை யோசித்தவர், "இது நைனார்பாளையம் கேஸு சார்" என்றார்.

அந்தக் கேஸ் இதுதான். நைனார்பாளையத்தில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர், பொதுச்சுவர் வைத்து ஒட்டினாற்போல் வீடு கட்டினார்கள். ஆளுக்கொரு மேஸ்திரி. ஒருவர் ரோட்டின் மேல்மட்டத்திலிருந்து அளவு எடுத்தார்; மற்றவர் கிணற்று விளிம்பிலிருந்து. மாடி போடும் நேரத்தில் சகோதரர்கள் சமாதானமாகி, இரண்டு மாடியையும் சேர்த்து ஒரே ஹாலாக்கச் சொன்னார்கள். ஹாலின் நடுவில் ஒரு ஜாண் உயரத்தில் படி வந்து நின்றது. இன்றுவரை அங்கே விருந்துக்குப் போகிறவர்கள் சாம்பார் வாளியோடு விழுகிறார்கள். அதில் கிணற்று விளிம்பிலிருந்து அளந்தவர் நம்மவர்தான்.

ஐந்து இடங்களுக்கும் கடிதம் எழுதச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நாலு பேர் பதில் போடவில்லை. ஐந்தாவது இடத்திலிருந்து, குளிர்நாட்டு விஞ்ஞானி ஒரு அம்மையார் எழுதினார்: எல்லா நாடுகளின் செயற்கைக்கோள் கடல்மட்ட அளவுகளையும் ஒருங்கிணைக்க ஒரு சர்வதேசச் சேவையை உருவாக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அக்கறையுள்ள யாரும் கருத்துச் சொல்லலாம். மரியாதைக்கு எழுதிய வரி அது. மேஸ்திரி அதை வேலைக்கான உத்தரவாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர்களின் ஒரு இணையக் கூட்டத்தையும் விடவில்லை. சட்டைப்பையில் பென்சிலோடு அவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக நான்.

அவர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். யாருடைய பூஜ்யம் பொதுப் பூஜ்யம் என்பதில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே மகள் வீட்டுப் பூமி பூஜை மூன்று முறை தள்ளிப்போயிற்று. அறைந்த முளைக்குச்சிகள் மனையிலேயே மக்கின. ஒருநாள் மகள் போனில் கேட்டது ஸ்பீக்கரில் என் காதிலும் விழுந்தது.

"ஏம்ப்பா, உலகம் ஒத்துமையாவுற வரைக்கும் நான் வாடகை வூட்லயே இருக்கணுமா?"

கடைசிக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு. அன்றும் முடிவு வராவிட்டால் குழுவையே கலைத்துவிடுவார்கள் என்று அந்த அம்மையார் எழுதியிருந்தார். மேஸ்திரிக்கு அன்று வெள்ளிமலையில் வேலை. ஒப்புக்கொண்ட வேலையை விட மாட்டார். ஆகவே மலைப் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கீழே சிக்னல் இல்லை. ஏணியில் ஏறி, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் மூட்டையின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்தோம். கீழே கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரக் கோளாறா என்று ஒரு நாட்டுக்காரர் கவலையோடு விசாரித்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்து மெஷினை நிறுத்தச் சொன்ன சத்தத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்கள்.

அரைமணி நேரம் பழைய சண்டையே நடந்தது. மேஸ்திரி என் தோளைத் தட்டினார். "நான் சொல்றத அப்டியே சொல்லு சார். ஒண்ணும் கொறைக்காத."

நைனார்பாளையம் வீட்டைச் சொன்னார். ஒரு ஜாண் படியைச் சொன்னார். சாம்பார் வாளியைச் சொன்னார். "ரெண்டு மேஸ்திரியும் கரெக்டா தாங்க கட்னோம். தப்பா கட்டியிருந்தா திருத்திக்கலாம். ரெண்டு பேரும் கரெக்டுங்கறது தான் தொல்லை. உங்க பூஜ்யத்த யாரும் வுட வேணாங்க. நடுவுல ஒரே ஒரு கோடு போடுங்க. அதுக்கு நான் இவ்ளோ மேல இருக்கேன், இவ்ளோ கீழ இருக்கேன்னு ஒவ்வொருத்தரும் எழுதி வையுங்க. பழைய ஆளு வேலைய வுட்டுப் போவும்போது, புது ஆளு வந்து கொஞ்ச நாளு ரெண்டு பேரும் ஒண்ணா அதே எடத்த அளக்கட்டும். வித்தியாசம் தெரிஞ்சிடும்."

நான் ஒன்றும் குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும், சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன். பிறகு அந்த அம்மையார் சிரித்தார். பழைய செயற்கைக்கோளும் புதியதும் சில மாதம் சேர்ந்து பறப்பது ஏற்கெனவே உள்ள வழக்கம்தான், அதை எழுதிவைத்த விதியாக்கலாம் என்றார். பொதுக்கோட்டுக்கும் சம்மதம் கிடைத்தது. கூட்டக் குறிப்பில் அதற்கு 'நைனார்பாளையம் பிரச்சினை' என்று தலைப்பு. அதை உச்சரிக்க ஆறு நாட்டு விஞ்ஞானிகள் பட்ட பாட்டை மேஸ்திரி மறுபடி மறுபடி நடித்துக் காட்டுவார்.

சேவை பிறந்தது. மறுவாரமே கள்ளக்குறிச்சியில் பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் எழுந்தது: 'உலகக் கடல்மட்ட ஒருங்கிணைப்புச் சேவை உதயம்! வாழ்த்தும் நெஞ்சங்கள்!' கீழே வட்டவட்டமாக விஞ்ஞானிகளின் படங்கள். ஓரத்தில் மேஸ்திரி, கும்பிட்டபடி. பக்கத்துப் பழக்கடை பாய் இது எந்தக் கூட்டணி என்று கேட்டார். கூட்டணி இல்லை, கடல் என்றேன். "இங்க எங்க சார் கடல்?" என்றார்.

அந்தச் சேவைக்கு வந்த முதல் கேள்வி மேஸ்திரியுடையது: என் மகள் வீட்டுக்குப் பேஸ்மட்டம் எவ்வளவு?

இரண்டு நாளில் அம்மையாரின் பதில் வந்தது. நடுக்கடலைப் பற்றி இனி உறுதியாகச் சொல்வோம். ஆனால் கரைக்கு அருகே வரும்போது கடலில் பட்ட ரேடியோ அலையோடு நிலத்தில் பட்டதும் கலந்து திரும்புகிறது. எங்கள் பார்வை மங்கிவிடுகிறது. உங்கள் மகள் வாசலில் எவ்வளவு என்று எங்களால் சொல்ல முடியாது, மன்னியுங்கள்.

தள்ளிப்போன மூன்று பூமி பூஜை, வெள்ளிமலைப் பஸ், ஃபிளெக்ஸ் எல்லாம் கண்முன் வந்தன. ஆனாலும் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "பரவால்ல சார். மின்ன அஞ்சு பேரும் அஞ்சு சொன்னானுங்க. இப்ப எல்லாரும் ஒண்ணா சேந்து தெரியலன்னு சொல்றாங்க பாரு. அது போதும். இனிமே நான் பாத்துக்கறேன்." அந்த அம்மையாருக்கு நன்றி எழுதச் சொன்னார். இரண்டு முறை எழுதச் சொன்னார்.

பிறகு தன் மனசுக்குப் பட்ட உயரத்தைத் தானே முடிவு செய்து கட்டினார். அந்தத் தெருவில் அவ்வளவு உயரத்தில் வேறு வீடு கிடையாது; வாசல் ஏறப் பதினொரு படி. சம்பந்தியம்மாள் கோயிலுக்கு ஏறுவது போலக் கும்பிட்டுக்கொண்டே ஏறினார்.

கிரகப்பிரவேசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மூட்டு வலி. ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்கினேன். அந்தப் படி மட்டும் அகலமாக, ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குச் சிமென்ட் மேடையோடு இருந்தது. எதற்காக இது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். டிசைன் என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டார்.

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உக்காருங்க பெரியப்பா. அது உங்களுக்குன்னு அப்பா போட்டது தான். பிளான்ல மொதல்ல வரைஞ்சதே அத தான்."

மேலே இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.