ஐந்து விழுக்காட்டுச் சாக்கு

“வாயைத் தொறங்க, பாக்கலாம்!” என்றாள் சின்னாத்தாள்.

லிங்கசாமி திறக்கவில்லை. மூக்கால் மட்டும் மூச்சுவிட்டபடி, மொபெட்டை நிறுத்துவதையே ஒரு நுண்கலையாக நீட்டித்துக்கொண்டிருந்தார். வேலம்பாளையத்தில் எட்டுத் தையல் எந்திரங்களை வைத்துப் பனியன் தைத்துக் கொடுப்பவர் அவர். முதலாளி என்னும் பதவி பெயர்ப்பலகையோடு சரி. ஆட்களை வேலை வாங்கியவள் மனைவி சின்னாத்தாள்தான். இனி ஒரு சொட்டுக் குடித்தாலும் கொமரலிங்கம் ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக அவள் மிரட்ட, அவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். அவள் போனால் எந்திரங்கள் நிற்கும். அதைவிடக் கொடுமை, அடுப்பும் நிற்கும்.

“சாராய நாத்தம் அடிக்குதுங்களே?”

“அது பெட்ரோல் நாத்தம், புள்ள. நீ பேப்பரே பாக்கறதில்லையா? கரும்பாலைக் கழிவுப்பாகுல ஸ்பிரிட்டுக் காச்சி, நூத்துக்கு அஞ்சு பெட்ரோல்ல கலக்கோணும்னு கவர்மெண்டே சொல்லிருச்சு. எத்தனால்ங்கறாங்க. கரும்புக்காரனுக்கு நல்ல வெலை கெடைக்குமாமா.”

செய்தி உண்மைதான். ஓர் உண்மையை இத்துணை அயோக்கியத்தனமாகக் கையாள இயலும் என்று அதை அச்சிட்டவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

“வண்டி குடிச்சா உங்க வாயில எதுக்குங்க வாசம்?”

“டியூப் அடைச்சுக்குச்சு. வாய் வெச்சு உறிஞ்சினேன்.”

“தெனமுங்களா?”

“கலப்புப் பெட்ரோலுன்னா அடைக்கத்தானே செய்யும்!”

மறுநாள் காலையில் மொபெட்டின் சாவி சின்னாத்தாளின் இடுப்பில் ஏறியது. லிங்கசாமி டவுன்பஸ்ஸில் போனார். மாலையில் அதே மணத்தோடு இறங்கினார்.

“பஸ்ஸு டீசலையும் உறிஞ்சினீங்களா?”

“பக்கத்துல நின்னவன் பெட்ரோல் பங்க்குல வேலை செய்யறவன் புள்ள. வழியெல்லாம் என் மேலயே சாஞ்சுட்டு வந்தான்.”

சின்னாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கின. சினத்தைவிட ஆபத்தான இரக்கம் அது.

“பாவமுங்க நீங்க! குடியை உட்ட மனுசன் வாயில கவர்மெண்டே சாராயத்தை ஊத்துதே! இதைச் சும்மா உடறதுங்களா?”

அவள் மகளிர் குழுவின் தலைவி என்பதை லிங்கசாமி அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

“போராட்டமெல்லாம் எதுக்கு புள்ள...” என்று தொடங்கிய அவருடைய வாக்கியத்துக்குப் பயனிலை வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முப்பது பெண்கள் நெருப்பெரிச்சல் சாலையிலிருந்த பெட்ரோல் பங்க்கை நோக்கிப் புறப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் லிங்கசாமி முன்வரிசையில் நடந்தார்.

“வேற பங்க்குக்குப் போலாமே...”

“நீங்க தெனமும் பெட்ரோல் போடற பங்க்குதானுங்களே குத்தவாளி? பேசாம வாங்க.”

அவர் கையிலிருந்த அட்டையை மகள் அனுப்பிரியா அவசரத்தில் எழுதியிருந்தாள்: ‘சாராயத்தில் பெட்ரோலைக் கலக்காதே!’ வேற்றுமை உருபுகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. உருபு பிறழ்ந்தால் கொள்கையே கவிழும் என்பதை இக்காலப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? எனினும், அந்தக் கோரிக்கையில் லிங்கசாமிக்கு மனமார்ந்த உடன்பாடு இருந்தது.

பங்க் நெருங்க நெருங்க, சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்த மதுக்கடையை மட்டும் பார்க்காமல் நடக்க அவர் பெரும்பாடுபட்டார். ஆனால், திடீரென்று ஒரு தெளிவு பிறந்தது. எத்தனால் கலப்பது ஊரறிந்த செய்தி. பெட்ரோல் போடுகிறவன் ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய் முழுவதும் மெய்யாகிவிடும். ஆயுள் முழுவதும் கவலையில்லை!

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரே முன்னால் போனார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த இசக்கிமுத்து, பம்ப்பைப் பிடித்தபடி திகைத்து நின்றான்.

“இசக்கிமுத்து! பெட்ரோல்ல ஸ்பிரிட்டுக் கலந்துதானே ஊத்தறீங்க? பயப்படாம எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரிச் சொல்லு!”

முப்பது பெண்களும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்னாத்தாள் கணவனின் தோளைப் பெருமிதத்தோடு பற்றிக்கொண்டாள்.

இசக்கிமுத்து தலையைச் சொறிந்தான்.

“கரும்பு காஞ்சதுலேருந்து அது வரவே இல்லியே அண்ணாச்சி. இருக்கிற ஸ்பிரிட்டுக்குச் சரக்குக் கம்பெனிக்காரன் கூடுதல் வெல குடுக்கான். ஆலைக்காரன் பூராத்தையும் அங்கனயே தள்ளிவிட்டுருதான். நீங்க தெனமும் வண்டிய எங்கிட்ட விட்டுட்டு, எதுத்த கடையில போய்க் குடிச்சுத் தீத்தா, பெட்ரோலுக்கு எங்கேருந்து மிஞ்சும்?”