கண்மூடி அண்ணை பெண் பார்க்கப் போன கதை

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம் ஒப்பேற வேண்டுமானால் ஐயர் வேண்டும், தாலி வேண்டும், கண்மூடி அண்ணை வேண்டும். இதில் ஐயர் வராவிட்டால்கூட ஒரு மாதிரிச் சமாளித்திருப்பார்கள். கண்மூடி அண்ணையின் சைக்கிள் வாசல் படலையடியில் தெரியாவிட்டால் மணவறையில் இருக்கிற மாப்பிள்ளைக்கே தான் கலியாணம் கட்டுகிறோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும்.

அவர் கலியாணப் படம் எடுக்கிறவர். தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, திருநெல்வேலியில் நான் தங்கிப் படித்த வீட்டிலேயே பக்கத்து அறையில் இருந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பரம்பரையில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். கடற்றொழில் செய்கிற என் அப்பா, எப்போதாவது என்னைப் பார்க்க வந்தால் பாடப்புத்தகத்தை இரண்டு கையாலும் மீன் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்து, "பாரமாத்தான் கிடக்கு" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

கண்மூடி அண்ணை என்ற பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை, ஒரு பிலிம் றோல் வருவதென்றால் கொழும்பிலிருந்து யாரோ ஒருவரின் உடுப்புப் பைக்குள் ஒளிந்து, கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஆனால் கலியாண வீட்டில் எல்லோருக்கும் படத்தில் நிற்க ஆசை. அண்ணை யாரையும் மறுக்கமாட்டார். நிற்கவைப்பார், நாடியை உயர்த்துவார், சால்வையைச் சரி செய்வார், கமராவைச் சொடுக்குவார். பிலிம் மட்டும் நகராது. எது படம், எது வெறும் சொடுக்கு என்பது அவருக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

அல்பம் வந்த பிறகு ஒரு மாமா சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தார்.

"என்ரை படம் ஒண்டையும் காணேல்லை."

"அண்ணை, நீங்கள் கண்ணை மூடிட்டியள்."

"எல்லாத்திலையுமோ?"

"ஓம். எல்லாத்திலையும்."

"நான் பொம்பிளையின்ரை தாய்மாமன். ஒரு படத்திலையாவது முழிச்சிருக்க மாட்டனோ?"

"அதைத்தான் நானும் யோசிச்சனான். நித்திரை காணாது போலை. போய்ப் படுத்தெழும்புங்கோ."

மாமா உண்மையிலேயே யோசித்துக்கொண்டு திரும்பிப் போனார். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர். இயற்பெயர் வீட்டுக்காரருக்குக்கூட ஞாபகமில்லை.

பற்றறி இல்லாததால் பிளாஷ் இல்லை. ஆகவே சூரியனைக் கலியாண வீட்டுக்கு அழைத்துவருவதை அண்ணை தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்று வைத்திருந்தார். அதை யாராவது வெயிலில் விரித்துப் பிடித்தால் வெளிச்சம் எகிறி மணவறைக்குள் விழும். அவ்வளவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முகூர்த்தம் குறிக்கிற சாத்திரியார் வீட்டுக்கே போய்விட்டார்.

"விடியப்புறம் முகூர்த்தம் வைச்சா பிள்ளை குட்டி பிறக்கலாம் ஐயா, படம் பிறக்காது."

"கிரகங்கள் உம்மடை கமராவுக்காகச் சுத்திறேல்லை" என்றார் சாத்திரியார்.

"ஓம் ஐயா. ஆனா உங்கடை மகளின்ரை கலியாணமும் வருகுதல்லோ."

பிறகு கொஞ்சக் காலம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிரகங்கள் எல்லாம் காலை பத்து மணிக்கு மேல்தான் நல்ல இடத்தில் நின்றன.

கலியாண வீட்டில் அவரைப் பார்த்தால் படைத் தளபதி தோற்றார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த பிறகு "ஐயர், கொஞ்சம் பொறுங்கோ" என்று மேளத்தையே நிறுத்துவார். கெட்டிமேளக்காரர் கை ஓங்கியபடி காத்திருப்பார். எந்தப் பெரியம்மா எந்தச் சின்னம்மாவோடு கோபம், யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அவருக்குப் பாடம். முன்பின் தெரியாத பெண்களையும் ஒரே சொல்லால் மடக்குவார்: "தங்கச்சி, அங்காலை நில்லுங்கோ. தங்கச்சி, சீலையை இழுத்து விடுங்கோ." எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையல்காரர்களோடு கடைசிப் பந்தியில் அவருக்கும் ஒரு இலை விழும்.

ஆடி மாதம் வந்தால் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கலியாணம் இல்லை. கிணற்றடியில் வாளிகளை உயரப்படி நிரைப்படுத்தி, நடுவில் இருப்பதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைப்பார். பிறகு என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் இருப்பார்.

"நீர் படியும் தம்பி. நான் சும்மா இருக்கிறன்."

நான் படிப்பேன். அவர் சும்மா இருப்பார். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். சகோதரங்கள் கனடாவில். அவர்களிடமிருந்து காயிதம் வரும், காயிதத்துக்குள் அவர்கள் வீட்டுக் கலியாணப் படங்கள் வரும். படத்தைக் கையில் பிடித்தபடி "வெளிச்சம் கூடிப்போச்சு" என்பார்.

அப்படி ஒரு ஆடியில்தான் சொன்னார். "தம்பி, ஊருலகத்திலை எல்லாற்றை கலியாணத்துக்கும் போயிட்டன். ஒரு கலியாண வீட்டிலை எண்டாலும் மணவறைக் கதிரையிலை இருக்க வேணும் எண்டு ஒரு ஆசை."

எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. அடுத்த நாளே ஒரு தரகரைப் பிடித்தேன். தரகர் பருத்தித்துறையில் ஒரு தையல் ரீச்சரைச் சொன்னார். வயது முப்பத்துநாலு. தகப்பன் இல்லை, தாய் இருக்கிறார். சாதகக் குறிப்புப் பொருந்தியது. மாப்பிள்ளையின் படம் ஒன்று அனுப்பச் சொன்னார்கள்.

அங்கேதான் இடித்தது. குடாநாட்டையே படம் எடுத்த மனிதரிடம் தன் படம் ஒன்றும் இல்லை. அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான். அதில் இருந்த தலைமயிரை நம்பி ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பது மோசடி என்று அவரே சொன்னார். பெண்ணின் படத்தைக் கேட்போம் என்றால் அதற்கும் சம்மதிக்கவில்லை.

"மற்றவன் எடுத்த படத்தை நம்பி நான் ஒரு முடிவுக்கு வரமாட்டன்."

ஆகவே வழக்கமான வழிதான். கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது. இரண்டு பகுதியும் சாமி கும்பிட வந்தது போல வருவார்கள். பார்க்காதது போலப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் மானக்கேடு இல்லை. தொண்டைமானாறு சந்நிதி கோயிலில், வெள்ளிக்கிழமை, பூவரச மரத்தடியில், பச்சைக் குடையோடு தாயும் மகளும் நிற்பார்கள் என்று ஏற்பாடு. தரகருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் மாப்பிள்ளை பகுதி முழுவதும் நான் ஒருவனே.

புறப்படும்போது பார்த்தால் கழுத்தில் கமரா.

"அண்ணை, பெண் பாக்கப் போறியள். இண்டைக்காவது உந்தக் கமராவைக் கழட்டி வையுங்கோ."

"இது இல்லாட்டி ரெண்டு கையையும் எங்கை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது தம்பி."

வேட்டியும் சைக்கிள் கரியரில் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

நாங்கள் வேளைக்கே போய்விட்டோம். கோயிலுக்குப் பக்கத்து மடத்தில் ஒரு கலியாணம் நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பன் வாசலுக்கும் வீதிக்குமாக ஓடித் திரிந்தார். வருவதாகச் சொன்ன படக்காரர் வரவில்லை. வழியில் ஹெலிகொப்டர் சுற்றியதால் எங்கேயோ ஒதுங்கிவிட்டாராம். அண்ணையின் கழுத்தைக் கண்டதும் தகப்பன் அப்படியே நின்றார்.

"தம்பி, பிள்ளையின்ரை தமையன்மார் மூண்டு பேரும் ஜேர்மனியிலை. படத்திலைதான் பாக்கப் போறாங்கள்."

அண்ணை பூவரச மரத்தைப் பார்த்தார். அங்கே இன்னும் ஒருவரும் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"தாலி கட்டுற மட்டும் எடுத்துக் குடுத்திட்டு வாறன். அவை வந்தா எனக்குச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் உள்ளே போன கையோடு பச்சைக் குடை வந்தது. நான் போய்க் கும்பிட்டேன். தாயார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் மாப்பிள்ளைக்கு என்ன முறை?"

"பக்கத்து அறை, அம்மா."

ரீச்சர் குடைக்குப் பின்னால் திரும்பிச் சிரித்தது எனக்குத் தெரிந்தது. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த நடை. அண்ணைக்குச் சொல்ல மடத்துக்கு ஓடினேன். உள்ளே வேறு ஒரு பிரச்சினை. வேட்டியைப் பிடிக்க நிறுத்திய பெரியவருக்குக் கை நடுக்கம். மணவறையில் வெளிச்சம் கடலலை போல ஆடியது. அண்ணை கமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் வாசலுக்கு வெளியே நீட்டினார்.

"வெளியிலை நிக்கிற தங்கச்சி, ஒருக்கா இஞ்சாலை வந்து உந்த வேட்டியைப் பிடியுங்கோ."

அவர் கை நீண்ட திசையில் நின்ற ரீச்சர் தாயைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வேட்டியை வாங்கினார். ஒரு நுனியைச் சன்னல் கம்பியில் முடிந்தார், மறு நுனியைக் கையில் பிடித்து வெயிலுக்கு விரித்தார். மணவறை பளிச்சென்று தெளிந்தது.

"இன்னும் கொஞ்சம் உயத்துங்கோ தங்கச்சி. ஓம். அப்பிடியே நில்லுங்கோ தங்கச்சி."

"அண்ணை" என்று நான் அவர் முதுகைச் சுரண்டினேன்.

"தம்பி, வெளிச்சத்தை மறையாதையும்."

"அண்ணை, இவ தான்..."

"ஐயர், கொஞ்சம் பொறுங்கோ. தங்கச்சி, ஒரு சொட்டு இடப்பக்கம். அவ்வளவுதான் தங்கச்சி."

கெட்டிமேளம் என் மிச்ச வசனத்தை விழுங்கிவிட்டது. வெளியே வந்தேன். தாயார் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"நாங்கள் வாறம் தம்பி."

"அம்மா, அவருக்கு ஆர் எண்டு தெரியாமல்..."

"தெரிஞ்சோ தெரியாமலோ, வாயாலை தங்கச்சி எண்டு கூப்பிட்டிட்டார். கோயில் வாசலிலை வைச்சுச் சொன்ன சொல்லு. இனி என்ன கதை?"

வேலை முடிந்து வந்த ரீச்சர், "அம்மா, அவர் எல்லாரையும் உப்பிடித்தான் கூப்பிடுறார்" என்றார்.

"எல்லாரையும் அவர் கட்டப் போறேல்லை பிள்ளை. நட."

ரீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். "வேட்டியை மடிச்சு யன்னலடியிலை வைச்சிருக்கிறன். கரையிலை குங்குமம் பட்டிட்டுது. காய முன்னம் தோய்க்கச் சொல்லுங்கோ." பிறகு மடத்தின் வாசலைப் பார்த்தார். "வேலை செய்யேக்கை நல்லா இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் தாய்க்குப் பின்னால் போனார். பருத்தித்துறைக்குப் போகிற பஸ் ஒன்று அதிசயமாக அன்றைக்கு நேரத்துக்கு வந்தது.

அண்ணை வெளியே வந்தபோது மரத்தடியில் ஒரு ஆடு மட்டும் நின்றது. சட்டையை இழுத்துவிட்டு, தலையைச் சீவி, நெடுநேரம் அந்த மரத்தைச் சுற்றி நடந்தார். நான் சன்னலடியில் இருந்த வேட்டியை எடுத்துக் கரியரில் கட்டினேன். அச்சுவேலிப் பாதையில், காற்றுக்கு எதிராகச் சைக்கிள் உழக்கிக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார்.

"அவை வரேல்லைப் போலை."

சொன்னேன். வேட்டி பிடித்தவர்தான் என்றேன். தாயார் சொன்னதையும், ரீச்சர் சொன்னதையும், குங்குமத்தையும் சொன்னேன்.

அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். நானும் இறங்கினேன். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு நடந்தோம்.

"வேட்டி பிடிச்ச கை ஆடேல்லை தம்பி" என்றார் கடைசியில். "ஒருக்காலும் ஆடேல்லை."

"நாளைக்கு நான் பருத்தித்துறைக்குப் போய்க் கதைக்கிறன் அண்ணை. நானும் படிச்சவன், விளங்கப்படுத்துவன்."

"வேண்டாம். கூப்பிட்டது கூப்பிட்டதுதான். அந்த மனிசி சொல்லுறதும் சரி."

கொஞ்ச தூரம் போனோம்.

"முகம் எப்பிடி?"

"நீங்கள் பாக்கேல்லையோ?"

"நான் வெளிச்சத்தைத்தான் பாத்தனான்."

நான் சொல்லத் தொடங்கினேன். நெற்றி எப்படி, கண் எப்படி, சிரிப்பை மறைக்க எந்தப் பக்கம் திரும்பினார் என்பதெல்லாம். "மெதுவாச் சொல்லும்" என்றார். நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டியும் அவர் சைக்கிளில் ஏறவில்லை. பார்த்தது தீர்ந்த பிறகு பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சைக்கிளை உருட்டியபடி கேட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் பட்டம் வாங்கித் தந்த எந்த விடைத்தாளையும் நான் அத்தனை கவனமாக எழுதியதில்லை.