பத்திரிகை முளைத்த கல்யாணம்

கல்யாணப் பத்திரிகைகள் முளைத்துவிட்டன.

மல்லேஸ்வரம் வீட்டின் பரணைத் திறந்த சேஷகிரி, பூனை எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், முந்நூறு பத்திரிகைகளும் நான்கு விரல் உயரத்துக்குத் தண்டுக்கீரையாக நின்றன. பத்து நாள் ஏப்ரல் மழை மொட்டை மாடி வழியாக ஒழுகியிருந்தது. முப்பத்தியோரு வருஷம் பொதுப்பணித் துறை எஞ்சினீயராக மாநிலம் முழுக்கப் பாலம் கட்டியவர் வீட்டுக் கூரை அது.

"ருக்கு! இங்க வந்து பாரேன்!"

மனைவி ருக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "நன்னா தளதளன்னு வந்திருக்கே," என்றாள்.

எல்லாம் ஒரே பெண் ஸ்னேஹா போட்ட நிபந்தனையால் வந்தது. கல்யாணத்தால் பூமிக்கு ஒரு கிராம்கூடக் கெடுதல் வரக் கூடாது, இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் விதை வைத்த காகிதத்தில் பத்திரிகை. படித்துவிட்டு மண்ணில் நட்டால் கீரை முளைக்கும். படிப்பதற்கு முன்பே முளைக்கும் என்று அச்சகத்தில் சொல்லவில்லை.

மாப்பிள்ளை சுதீர் அவளோடு வேலை பார்ப்பவன். எதைக் கேட்டாலும் "ஸ்னேஹா சொல்றபடி, அங்கிள்" என்பான். சம்பந்தி வீட்டார் மைசூரிலிருந்து அதையே கன்னடத்தில் சொன்னார்கள்.

சேஷகிரிக்கு இருந்தது ஒரே ஆசைதான். மல்லேஸ்வரத்தில் நடந்த எந்தக் கல்யாணத்தையும் அவர் விட்டவரில்லை. எல்லோர் வீட்டிலும் முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை பேரையும் உட்கார வைத்து ஒரு வேளையாவது தன் கையால் இலை போட வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தார். "வேற பத்திரிகை அடிச்சுடட்டுமாம்மா?"

"ஒரு தடவை அடிச்சதையே மறுபடி அடிக்கறதா? ஒரு காகிதத்துக்கு எவ்வளவு தண்ணி செலவாறது தெரியுமாப்பா?" ஸ்னேஹா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கனிவாகச் சொன்னாள். "முடியலேன்னா விட்டுடுங்கோ. நாங்க நாலு பேர் கோவிலுக்குப் போய் மாலை மாத்திண்டு வந்துடறோம்."

"முடியலேன்னு யார் சொன்னா?" என்றார் சேஷகிரி. அந்த வார்த்தையை அவர் வேலையில் இருந்தபோது கான்ட்ராக்டர்கள் சொன்னாலே கோப்பைத் தூக்கி வீசுவார்.

மறுநாள் காலை முளைத்த பத்திரிகைகளைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கார் கூடாது, பெட்ரோல். மெட்ரோ, பஸ், அதற்குமேல் நடை. லிங்கராஜபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் அவருடைய பையை விரலால் விலக்கிப் பார்த்து, "சொப்பு கட்டு எஷ்டு?" என்று கீரைக்கு விலை கேட்டாள்.

"இது என் பொண்ணு கல்யாணம்மா!"

அந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் சுற்றி எல்லோருக்கும் கொடுத்து முடித்தார். அன்று மாலையே வெங்கடசுப்ரமணியன் மாமா போன் செய்தார். உறவில் மூத்தவர். கோபத்திலும் அவர்தான் மூத்தவர்.

"சேஷு, கீரை அமிர்தம்! மாமி மசியல் பண்ணினா. ஆனா முகூர்த்தம் எப்போன்னுதான் தெரியலே. தேதி இருந்த இடத்துல வேர் ஓடியிருந்தது."

முந்நூறு வீட்டிலும் அதே கதை. எல்லோருக்கும் போன் செய்து தேதி சொல்ல வேண்டியதாயிற்று. சேஷகிரி அசரவில்லை. ஸ்னேஹாவின் இரண்டாவது நிபந்தனை, ஒரு பருக்கைகூட வீணாகக் கூடாது என்பது. போன்தான் போடுகிறோமே, அதையும் முடித்துவிடலாம் என்று நினைத்தார்.

"மே இருபத்தெட்டு, காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். நீங்க எத்தனை இட்லி சாப்பிடுவேள்?"

"என்னது?" என்றது மறுமுனை.

"வீணாகப்படாது பாருங்கோ, அதான் முன்னாடியே எழுதிக்கறேன்."

"என் இட்லியை எண்ணப் போறியா?" என்றார் வெங்கடசுப்ரமணியன் மாமா. "எழுதிக்கோ. நாப்பது!"

செய்தி பரவியது. யஷ்வந்த்பூர் சித்தப்பா ஐம்பது எழுதச் சொன்னார். ஒரு இட்லிக்கே மாத்திரை போட்டுக்கொள்கிற சொர்ணம் அத்தை இருபத்தைந்து என்றாள். பட்டியலைக் கூட்டிப் பார்த்தபோது நாலாயிரத்து எண்ணூறு இட்லி வந்தது. சமையல்காரர் சந்திரசேகரன், "சார், இது கல்யாணமா, அணைக்கட்டா?" என்று கேட்டார்.

இனி சமாதானம்தான் வழி. கோபித்துக்கொண்டவர்கள் வீட்டுக்கெல்லாம் சேஷகிரி மறுபடி பஸ் ஏறினார். "மனசுல வெச்சுக்காதேள். பிள்ளை, மாட்டுப்பெண், பேரன், பேத்தி, மாடில குடியிருக்கறவா, எல்லாரையும் அழைச்சுண்டு வாங்கோ" என்று கையைப் பிடித்துச் சொன்னார். முந்நூறு பேர் எழுநூறு பேர் ஆனார்கள்.

பார்த்து வைத்திருந்த மண்டபம் போதவில்லை. அவ்வளவு பெரிய மண்டபம் அந்தத் தேதிக்கு ஒன்றுதான் காலியாக இருந்தது. அங்கே மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர்.

"டீசலா?" ஸ்னேஹாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. "அப்போ சான்ஸே இல்லப்பா. மே மாசம், மழை வரும், கரண்ட் போகும். எழுநூறு பேர் வெந்துடுவா. விட்டுடலாம். நானே எல்லாருக்கும் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன். நீங்க கவலையே படாதீங்கோ."

"நீ ஒண்ணும் கவலைப்படாதே," என்று அவளைத் தட்டிக்கொடுத்தார் சேஷகிரி. அவள் கண்ணில் நீர் தளும்புவதைப் பார்த்தார். பூமி மேல் இந்தப் பெண்ணுக்குத்தான் எவ்வளவு பாசம்!

இரண்டே நாளில் பொம்மனஹள்ளியில் அருண்குமார் என்ற இளைஞரைக் கண்டுபிடித்தார். மிதித்தால் மின்சாரம் வரும் சைக்கிள் செய்கிறவர்.

"ஒரு ஆள் மிதிச்சா ஒரு ஃபேன் ஓடும் சார். நிறுத்தினா ஃபேனும் நின்னுடும்," என்றார் அருண்குமார். "எத்தனை வண்டி வேணும்?"

"இருபது."

"மிதிக்க ஆள்?"

"எழுநூறு பேர் வராளே!"

கல்யாணத்தன்று காலை ஒன்பது இருபதுக்கு மின்சாரம் போனது. ஸ்னேஹா மணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மண்டபத்தின் ஓரத்தில் பஞ்சகச்சத்தை வரிந்து கட்டிக்கொண்டு இருபது பேர் சைக்கிளில் ஏறினார்கள். முதல் வண்டியில் வெங்கடசுப்ரமணியன் மாமா. மணமக்கள் தலைக்குமேல் இருந்த ஃபேன் அவருடைய பொறுப்பு. சமையலறையிலிருந்து காபி வாசனை வந்தால் ஃபேன் தளர்ந்தது. யஷ்வந்த்பூர் சித்தப்பா பக்கத்து வண்டியில் முந்தினால் காற்று பறந்தது. அப்படி ஒரு தடவை பறந்ததில் வாத்தியாரின் மேல்துண்டு ஹோமகுண்டம் வரை போய்த் திரும்பி வந்தது.

"மாமா, கொஞ்சம் மெதுவா!" என்று கத்தினான் சுதீர், தாலியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நீ சீக்கிரம் கட்டு!" என்றார் மாமா மூச்சு வாங்க.

கட்டினான். நாதஸ்வரம் மைக் இல்லாமலேயே கூரையைத் தூக்கியது.

மிதித்த பசி லேசான பசியல்ல. முறை வைத்து மிதித்துவிட்டு வந்தவர்கள் இலையில் உட்கார்ந்தபோது சந்திரசேகரனின் ஆட்களுக்குக் கை ஓய்ந்துபோனது. மாமா நாற்பதைத் தாண்டி இரண்டு கேட்டு வாங்கினார். சொர்ணம் அத்தை மாத்திரையை மறந்தாள். நாலாயிரத்து எண்ணூறு இட்லியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இலைகளை வேலிக்குப் பின்னால் இருந்த மாடுகள் தின்றன. கடைசியில் குப்பை என்று சேர்ந்தது அரை வாளி.

அந்த வாளியைச் சேஷகிரி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். முப்பத்தியோரு வருஷத்தில் எந்தப் பாலத் திறப்பு விழாவிலும் அவர் அப்படி நின்றதில்லை.

ஸ்னேஹா வந்து அவர் காலில் விழுந்தாள். எழுந்தபோது விசும்பிக்கொண்டிருந்தாள். "சாரிப்பா."

"எதுக்குடீ சாரி? உன்னாலதானே இப்படி ஒரு கல்யாணம் நடந்தது!"

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். ருக்கு மிகவும் அக்கறையாகத் தன் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, இளசுகளுக்கு எதற்கு அலைச்சல் என்று சேஷகிரியே கல்யாணத்தைப் பதிவு செய்ய, போட்டோவும் ஆதார் நகல்களுமாகப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்தவர் ரவி. சேஷகிரி போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு அவரும் தமிழுக்கு மாறினார்.

"ரெண்டு பேரும் நேர்ல வரணும் சார். இருந்தாலும் பேரைச் சொல்லுங்க, என்னென்ன வேணும்னு பார்த்துச் சொல்றேன்."

சேஷகிரி பெயர்களைச் சொன்னார். அப்படியே பத்திரிகை முளைத்தது, சைக்கிள் மிதித்தது, அரை வாளிக் குப்பை எல்லாவற்றையும் சொன்னார். ரவி சிரித்துக்கொண்டே தட்டினார். பிறகு சிரிப்பை நிறுத்தித் திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார். திரும்பவும் பார்த்தார்.

"சார், இவங்க ரெண்டு பேருக்கும் போன ஆகஸ்ட்லயே இங்க கல்யாணம் ஆயிடுச்சே. முதல் சாட்சி ருக்மிணி சேஷகிரின்னு போட்டிருக்கு, அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"