அகாஃபியாவை அழைத்துவரக் கிளம்பிய பெருஞ்சக்கரப் படையெடுப்பு

குஸ்கோக்விம் ஆற்றங்கரையின் வான்வேந்தனே, கொசுப்படை கிழித்தெழும் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு உடையவனே, முப்பத்தைந்து அங்குலச் சக்கரம் பூண்ட தீரனே, வாசிலியே, நீ வாழி! ஓடுபாதை கோழைகளுக்கே என்று முழங்கிய உன் வாய் வாழி! அந்த வாயை அடைத்த சிறு வால்வும் வாழி!

அன்று வாசிலியின் மகளுக்கு ஞானஸ்நானம். ஆண்டுக்கு இரண்டே முறை வரும் பாதிரியார் நண்பகல் படகில் கிளம்பிவிடுவார். ஞானத்தாயாக நிற்க வேண்டிய அகாஃபியாவோ ஆற்றின் மேற்புறத்தில், ஓடுபாதையற்ற கூழாங்கல் திட்டில் சால்மன் மீன் உலர்த்தும் முகாமில் இருந்தாள். அவள் வந்து சேராவிட்டால், இனி ஆறு உறைந்த பிறகுதான் சடங்கு.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன் மாப்ளே," என்றான் மனைவியின் அண்ணன் மார்வின். அவனிடமும் ஒரு விமானம் உண்டு, சின்னச் சக்கரத்தோடு.

"கூழாங்கல் திட்டுல உன் தள்ளுவண்டிச் சக்கரமா? கல்லே சிரிக்கும் மச்சான்!"

இவ்வாறு வீரம் பேசிய வாசிலி, கல்லின்மேல் மெத்தென்று அமர வேண்டுமெனத் தன் சக்கரங்களில் காற்றை இறக்கினான். அவை கடல்நாயின் வயிறுபோல் தளதளத்தன.

"ரொம்ப இறக்காதே. பிரேக் அடிச்சா சக்கரம் நின்னாலும் டயர் தனியாச் சுத்தி, காத்தடிக்கிற வால்வைப் பிச்சிடும்," என்றான் மார்வின். அறவுரை கேட்ட வீரர் எந்தக் காவியத்தில் உண்டு?

மதங்கொண்ட களிறு தாமரைக் குளத்தில் இறங்கினாற்போல், இடியேறு மலைமுகட்டில் அமர்ந்தாற்போல், வாசிலி திட்டில் இறங்கினான். சரியாக மீன்பந்தலின் வாசலில் நிற்க வேண்டுமென்ற பேராசையால் இரு காலாலும் பிரேக்கை மிதித்தான். வால்வு பிய்ந்து 'புஸ்' என்றொரு பெருமூச்சு. ஒரு சிறகு தாழ்ந்து தரையை முத்தமிட்டது.

அகாஃபியா மீன் அறுத்த கத்தியைத் துடைத்தாள். "ஏன்டா, எறங்கினதும் உன் ஏரோப்ளேன் எனக்குக் கும்பிடு போடுது?"

அதற்குள், பின்னாலேயே கிளம்பிய மார்வினும் தன் விமானத்தில் வந்துவிட்டான். திட்டில் கல் கெட்டியாகப் படிந்த மேல்முனையாகப் பார்த்து இறங்கி, பல் கிடுகிடுக்க நான்கு முறை குதித்து, தன் சின்னச் சக்கரங்களில் நின்றான். பகைவனின் தேர் குடைசாய்ந்து கிடக்கிறது. இளிப்பதற்கு இதைவிட நல்ல வேளை வாய்க்காது. மார்வின் சிரிக்கவில்லை. வென்றவன் சிரிப்பை விழுங்குவது எத்தகைய வீரம் என்பதை ஆண்டவர் அறிவார்.

"ஏறு மாப்ளே. உன் டயரை நாளைக்கு வந்து பாத்துக்கலாம். ஊர்ல கேட்டா கல்லு குத்திடுச்சுன்னு சொல்லிடறேன்."

"ஞானஸ்நானத்துக்குப் போற வழியில பொய்யா?" என்று அதட்டினாள் அகாஃபியா. "வாயைத் தொறக்காம வாங்க ரெண்டு பேரும். அது போதும்."

முழங்கிய வாய் முதன்முறையாகப் பணிந்தது. முப்பத்தைந்து அங்குலப் பெருமை மூவாயிரம் கொசுக்களின் காவலில் திட்டிலேயே கிடக்க, வான்வேந்தன் தலைகுனிந்து மைத்துனனின் விமானத்தை நோக்கி நடந்தான்.

வாசிலி பின்சீட்டில் மீன்மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தான்.