முதல் படியில் ஏறாத 'நடை'

திண்டுக்கல்லில் வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எப்போதடா அறுபது ஆகும் என்று காலண்டரைக் கிழித்துக் கிழித்துக் காத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ஆபீஸில் 'நடை' என்று பட்டப்பெயர் எடுத்தவர்தான். பிறந்தநாள் அன்று யாராவது தெரியாத்தனமாக "இன்னும் இளமையா இருக்கீங்கண்ணே" என்று சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "ஏலே, வாயைக் கழுவு. எனக்கு அம்பத்தொம்போது முடியப் போகுது" என்பார்.

காரணம் இருக்கிறது. அவர் மூத்தோர் தடகளப் போட்டிகளில் வேகநடை வீரர். அங்கே ஆட்களை ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள். ஐம்பத்தொன்பது வயதுக்காரர் ஐம்பத்தைந்து வயதுப் பொடியன்களோடு மோதி நாக்குத் தள்ள வேண்டும். அதே ஆள் அறுபதைத் தொட்டுவிட்டால் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்; அங்கே அவர்தான் இளந்தாரி. வெளிநாட்டு மெடல் ஒன்று வாங்கினால் அறுபதில் வாங்க வேண்டும், அதைக் கோட்டைவிட்டால் மறுபடி அறுபத்தைந்தில்தான் என்பது அவர் பத்து வருடமாகப் போட்டு வைத்திருந்த திட்டம்.

வேகநடையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடக்கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஊன்றிய காலின் முட்டி மடங்கக்கூடாது. இந்த இரண்டு சட்டத்தையும் மதித்து ஒரு மனிதன் வேகமாகப் போனால், அவன் இடுப்பு என்ன செய்கிறது என்பதற்கு அவன் பொறுப்பாளி இல்லை. நத்தம் ரோட்டில் விடியற்காலையில் இவர் போகிற அவசரத்தைப் பார்த்துவிட்டு டீக்கடை அம்மா ஒருவர் குறுக்கே ஓடிவந்தார். "கூச்சப்படாதீகண்ணே, கடைக்குப் பின்னாடியே இருக்கு, செத்த போயிட்டு வாங்க" என்று கக்கூஸ் சாவியை நீட்டினார். 'நடை' சாவியை வாங்கவுமில்லை, நிற்கவுமில்லை. நின்றால் டைமிங் போய்விடும். அந்த அம்மா இன்றைக்கும் அவரைப் பாவமாகத்தான் பார்க்கிறார்.

ஆபீஸில் அவர் தபால் பிரிவு, நான் பக்கத்து சீட். என்ன ஆபீஸ் என்று சொன்னால் வம்பு, அரசாங்க ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் அவருக்குப் பயிற்சி, எனக்கு நடுவர் உத்தியோகம். முட்டி மடங்கினால் தூக்கிக் காட்டுவதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்த டேபிள் டென்னிஸ் மட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார். ஒருநாள் குஜிலியம்பாறையிலிருந்து மனு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர், நான் மட்டையைத் தூக்கியதும் தன் மனு தள்ளுபடியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். அவரைக் கூட்டிவர 'நடை' பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்திக்கொண்டு போனார். பெரியவர் பயந்து ஓடினார். அவர் ஓடலாம், இவர் ஓடக்கூடாது. அதனால் பிடிப்பதற்கு ரொம்ப நேரமாயிற்று.

இப்படிப்பட்டவரை நடையில் ஒருத்தன் முந்திவிட்டான்.

முந்தியவன் கையில் பெயின்ட் வாளி, தோளில் ரோலர், இடுப்பில் மடித்துக் கட்டிய சாரம். அதே நத்தம் ரோடு, அதே விடியற்காலை. 'நடை'க்குத் தன்மானம் சுட்டுவிட்டது. விரட்டிப் பார்த்தார், முடியவில்லை. குனிந்து அந்த ஆளின் காலைப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை, பாதம் தரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் கத்தித்தான் நிறுத்தினார்.

"ஏப்பா, யார்ட்டப்பா படிச்ச இந்த நடைய?"

"ஒருத்தரிட்டையும் இல்லை அண்ணை. பின்னேரம் முகாமிலை ஆள் கணக்கெடுப்பினம். வெள்ளனவே போய் வேலை முடிச்சு அதுக்குள்ளை திரும்போணும். ஓடினா வாளி தளும்பும். அதான் நடக்கிறனான்."

பெயர் நேசன், பெயின்டர். இலங்கையிலிருந்து இருபத்துநான்கு வயதில் படகேறி வந்து, முப்பத்தைந்து வருடமாக அகதிகள் முகாமில் இருக்கிறார். இப்போது முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர் மாறியதே தவிர, நேசன் எந்த நாட்டுக்காரர் என்பதை மட்டும் இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

வேறு யாராக இருந்தாலும் பொறாமையில் வெந்திருப்பார்கள். இவர் மறுநாளே நேசனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார். மாவட்டப் போட்டியில் யாரும் நாடு கேட்கவில்லை. நேசன் முதலிடம், 'நடை' இரண்டாமிடம், நடுவில் ஐம்பது மீட்டர் இடைவெளி. தோற்ற மனிதர் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். "வெளிநாட்டுலயும் ஒன்னாமிடம், ரெண்டாமிடம் ரெண்டுமே திண்டுக்கல்லுக்குத்தேன்" என்று துள்ளினார்.

வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டுமே. இந்த நாடு கொடுக்காது. பிறந்த நாட்டில் கேட்கலாம் என்றால், பிறப்புச் சான்று இருந்த கச்சேரி, அதாவது அந்த ஊர் அரசாங்க ஆபீஸ், சண்டையில் எரிந்துபோய்விட்டது. 'நடை' மனு மேல் மனுவாக எழுதினார். நாற்பது வருடம் தபால் பிரிவில் இருந்தவர், எந்த மனு எந்த மேஜையில் தூங்கும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மேஜையாகப் போய்த் தட்டியும் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

அவருக்கு அறுபது ஆனது. பணி ஓய்வு விழாவில் நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, மாலையோடு அவர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் தனியாக விமானம் ஏறினார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், கடல் தாண்டிய ஒரு நாடு.

போட்டியை போனில் நேரடியாகக் காட்டினார்கள். அவர் வீட்டில் அண்ணி, நான், கையில் சுண்ணாம்பு காயாத நேசன், மூன்று பேரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஐயாயிரம் மீட்டர். 'நடை'தான் முதலில் வந்தார். நான் நாற்காலி மேல் ஏறிக் குதித்தேன்.

பரிசளிப்பு தொடங்கியது. மூன்று படி மேடை. முதல் பரிசுக்கு இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இவர் நேராகப் போய் இரண்டாம் படியில் ஏறி நின்றார். அதிகாரி மேலே கை காட்டினார், இவர் தலையாட்டி மறுத்தார். உண்மையாகவே இரண்டாமிடம் வந்த ஜப்பான்காரர் நிற்க இடமில்லாமல் தவித்தார். பிறகு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதே படியில் இவரோடு ஒண்டிக்கொண்டார். மேல் படி காலியாகக் கிடந்தது. அப்புறம் 'நடை' பனியனுக்குள் கையை விட்டு ஒரு துணியை உருவி விரித்தார். "முதல் ஆள் திண்டுக்கல் முகாமில் இருக்கிறான். அவனுக்கு ஒரு நாடு கொடுங்கள்" என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது.

உலக அரங்கில் நடந்த அந்த எதிர்ப்புக்கு திண்டுக்கல்லின் முதல் எதிரொலி அண்ணியிடமிருந்து வந்தது.

"அய்யய்யோ! அது என் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைல்ல! தைப்பொங்கலுக்கு எடுத்ததுல்ல!"

நான் சிரித்துக்கொண்டே நேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் கையைக் கழுவினார்.

அங்கே ஒரே அமளி. விளையாட்டு மேடையில் அரசியல் கூடாது என்பது விதி. ஆனால் எழுதியிருப்பது என்ன என்று அதிகாரிகள் யாருக்கும் புரியவில்லை. ஸ்டேடியம் கேன்டீனில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த தமிழர் ஒருவரை மாவுக் கையோடு இழுத்து வந்தார்கள். அவர் படித்துப் பார்த்தார். கையைத் துடைத்துவிட்டு முதலில் கைதட்டினார், அப்புறம்தான் மொழிபெயர்த்தார். அவர் தட்டாமல் இருந்திருந்தால் தண்டனை கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மெடலை அங்கேயே பிடுங்கிக்கொண்டார்கள். ஊர் வந்து சேர்ந்தபோது பின்னாலேயே கடிதமும் வந்தது. மன்னிப்புக் கேட்டால் மெடல் திரும்பக் கிடைக்கும். கேட்காவிட்டால் ஐந்து வருடத் தடை, எந்த மைதானத்திலும் கால் வைக்கக்கூடாது.

இதற்காகத்தானே இந்த மனிதர் பத்து வருடம் வயதுக்கு வந்தனம் சொல்லிக்கொண்டிருந்தார்! நானே உட்கார்ந்து பொருள், பார்வை எல்லாம் போட்டு, 'உணர்ச்சிவசப்பட்டு நடந்துகொண்டமைக்கு வருந்துகிறேன்' என்று அழகாக ஒரு வரைவு தயார் செய்து கொடுத்தேன். மறுநாள் திருத்தி அனுப்பினார். 'உணர்ச்சிவசப்பட்டு' என்பதை அடித்துவிட்டு 'நன்கு யோசித்து' என்று எழுதியிருந்தார். 'வருந்துகிறேன்' அடிபட்டு 'வருந்தவில்லை' ஆகியிருந்தது. ஒரே ஒரு வருத்தம் மட்டும் கடைசியில் சேர்க்கப்பட்டிருந்தது. அது ஜப்பான்காரருக்கு இடைஞ்சல் செய்ததற்கு. அதையே பதிவுத் தபாலில் அனுப்பியும்விட்டார்.

நேசன் வந்து சண்டை போட்டார். "என்னாலைதானே அண்ணை உங்கட மெடல் போச்சுது! ஆர் உங்களைக் கேட்டது? நான் இனி நடக்கமாட்டன்."

"நடக்காம இருந்து பாரு, காலை ஒடிச்சுருவேன்" என்றார் 'நடை'.

இந்த வருடம் மாவட்டப் போட்டி நடந்தது. தடை வாங்கியவர் உள்ளே போகக்கூடாது என்று கேட்டில் மறித்துவிட்டார்கள். அவர் மைதானத்தின் காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்றுகொண்டார். நானும் கூட நின்றேன். உள்ளே நேசன் ஒவ்வொரு சுற்று வரும்போதும் இவர் சுவருக்கு இந்தப் பக்கம் கூடவே நடந்தார். "முட்டிய மடக்காதல! தோளைத் தளர விடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன பஸ்ஸே வேகம் குறைந்தது. நேசன் முதலில் வந்தார்.

திரும்பி வரும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா உள்ள நின்னிருப்பீங்கள்லண்ணே. அஞ்சு வருசம் போச்சே" என்றேன்.

"அப்பு, என்னைய அவனுக நிறுத்தி வச்சிருக்கது அஞ்சு வருசந்தேன். அவனை முப்பத்தஞ்சு வருசமா நிறுத்தி வச்சிருக்கானுகல்ல. அதுக்கு யாரு மன்னிப்புக் கடுதாசி எழுதுறது? நீ எழுதித் தாரியா?"

வரைவு எழுதுவதில் ஆபீஸிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய நான், அன்று ராத்திரி உட்கார்ந்து பொருள், பார்வை போட்டதோடு பேனாவை மூடிவிட்டேன். இந்தப் பத்திரிகையை அவர் வாங்குவதில்லை என்ற தைரியத்தில் இதை மட்டும் எழுதுகிறேன். அந்த மனிதர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தது என் பாக்கியம்.